எக்ஸ்யூவி 700: அம்மா ஏறி இறங்கிப் பார்த்த டெஸ்ட் டிரைவ்

ஷோரூமில் தருகிற டெஸ்ட் டிரைவ் ஓட்டுபவருக்கு மட்டும்தான். சாவியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் சேல்ஸ் பையன் உட்கார்ந்து, அடுத்த யு-டர்னில் திருப்பி, வந்து இறங்கினால் காபியும் கொட்டேஷனும் தயாராக இருக்கும். ஏழு பேர் போகிற வண்டியை ஒருத்தர் மட்டும் ஓட்டிப் பார்த்து இருபது லட்சத்துக்கு மேல் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 பார்க்கப் போனபோது வீட்டையே கிளப்பிக்கொண்டு போனேன். மூட்டு வலி உள்ள அம்மா, மனைவி, ஆறாம் வகுப்புப் பெண், ஒன்றாம் வகுப்புப் பையன். கூடவே மனைவியின் தம்பி. ஆள் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதற்காகவே அவனைக் கூப்பிட்டேன். அப்பா மட்டும் "நீங்க போயிட்டு வாங்க, நான் கணக்கைப் பாக்கறேன்" என்று ஷோரூம் சோபாவில் கொட்டேஷனோடு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு யோசனை. போவதற்கு முன்னால் போன் செய்து, வார நாளில், மதிய நேரத்தைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பின்னால் நான்கு குடும்பம் காத்திருக்கும், உங்களை விரட்டுவார்கள். 2025 செப்டம்பர் 22-இல் பெரிய எஸ்யூவிகளுக்கு செஸ் எடுக்கப்பட்டு ஜிஎஸ்டி மொத்தமாக 40 சதவீதம் என்று ஆனதிலிருந்து ஷோரூம்களில் கூட்டம் வேறு. மதியம் ஏன் என்றால் சேலம் வெயிலில் பின் சீட்டு ஏசியின் யோக்கியதை அப்போதுதான் தெரியும். காலை ஏழு மணிக்கு எந்த ஏசியும் நன்றாகத்தான் இருக்கும்.

எங்களுக்குக் கொடுத்தது டீசல் ஆட்டோமேட்டிக், ஏஎக்ஸ்7 எல். அதாவது உச்ச வேரியண்ட். டெமோ வண்டி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சோனி ஸ்பீக்கர், 360 டிகிரி கேமரா எல்லாம் பார்த்து மயங்கி, கீழ் வேரியண்டை புக் செய்துவிட்டு டெலிவரி நாளில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் காட்டும்போதே "இது நான் வாங்கப்போற வேரியண்ட்ல இருக்கா தம்பி?" என்று கேட்டு, பிரோஷரில் டிக் அடிக்கச் சொன்னேன். பையன் சலிக்காமல் அடித்தான்.

முதல் பரீட்சை வண்டி நகர்வதற்கு முன்பே. அம்மாவை இடது பின் கதவு வழியாக ஏறச் சொன்னேன். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, 200 மில்லிமீட்டர் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவது, மூட்டு வலிக்காரருக்கு அவ்வளவு உயரம் காலைத் தூக்க வேண்டும் என்று அர்த்தம். கூரைப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து, வலது காலை முதலில் உள்ளே வைத்து, ஒரு மூச்சு விட்டு ஏறிவிட்டார். ஏறுவதில் சிரமம் குறைவு. இறங்குவதுதான் பாடு. புடவையில் கால் தரையைத் தேடுகிறது. கொசுவம் வாசல் விளிம்பில் உரசுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குள் பாதி உடம்பு வெளியே வந்துவிடுகிறது. "ஏறிடறேன் கண்ணு, இறங்கறப்போ யாராச்சும் கை குடுக்கணும்" என்றார். சைடு ஸ்டெப் ஆக்சஸரியாகக் கிடைக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் அதில் அப்பிய சேறு எல்லாம் புடவை ஓரத்தில்தான் ஏறும் என்று மனைவி அப்போதே சொன்னாள். வாங்குகிறவர்கள் அகலம் குறைவான ஸ்டெப்பாகப் பார்த்து வாங்கலாம்.

மூன்றாம் வரிசைக்குப் போக இரண்டாம் வரிசையின் இடது சீட்டை மடக்க வேண்டும். ஒரு நெம்புகோலை இழுத்தால் சீட்டு முழுசாகச் சுருண்டு முன்னால் போய்விடுகிறது, நன்றாகவே இருக்கிறது. பெண் தானாக இழுத்து, தானாக ஏறிக்கொண்டாள். ஆனால் இதில் சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டுகிற குழந்தை சீட்டை இடது பக்கம் மாட்டிவிட்டால் அந்த சீட்டை மடக்க முடியாது, பின்னால் போகிற வழி அடைபட்டுவிடும். ஆகவே குழந்தை சீட்டு வலது பக்கம், அதாவது ஓட்டுநருக்குப் பின்னால்தான். இதைச் சேல்ஸ் பையன் சொல்லவில்லை. எங்கள் பையனின் சீட்டை வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்ததால் தெரிந்தது.

மச்சானைப் பின்னால் ஏற்றினோம். தலை கூரையைத் தொடவில்லை, ஆனால் முட்டி இரண்டும் நெஞ்சுக்கு அருகில் வந்துவிட்டது. தரை உயரம், சீட்டு தாழ்வு. இரண்டாம் வரிசை முன்னும் பின்னும் நகராது, சாய்மானம் மட்டும்தான் மாற்றலாம். அதனால் நடுவில் இருப்பவர் மனது வைத்தாலும் பின்னால் இருப்பவருக்குக் கால் இடம் கூடாது. "மாமா, ஏற்காடு அடிவாரம் வரைக்கும்னா சரி. திருப்பதின்னா நான் பஸ்ல வர்றேன்" என்றான். பெண்ணுக்கு அந்த இடம் தாராளம். இந்த வரிசை பிள்ளைகளுக்கு. வளர்ந்த ஆறு பேர் வெளியூர் போவதற்கு என்றால் இந்த வண்டி வேண்டாம், டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் பக்கம் போங்கள். அதன் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2,850 மில்லிமீட்டர், இதற்கு 2,750. அந்த பத்து சென்டிமீட்டர் பின்னால் இருப்பவரின் முட்டிக்குத் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டுக்கு முக்கியமான விஷயம். நாங்கள் ஆறு பேர். "ஆறு பேர்தானே சார், கேப்டன் சீட் எடுத்துக்கங்க, நடுவுல நடந்தே பின்னால போயிடலாம்" என்பது சேல்ஸ் பையனின் யோசனை. கேப்டன் சீட் என்றால் நடு வரிசையில் இடைவெளி விட்டு இரண்டு தனித்தனி சீட்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு சீட்டு வண்டியில் முன்னால் 2, நடுவில் 2, மீதி 2 பேர் கட்டாயம் மூன்றாம் வரிசை. அப்படியானால் மூன்றாம் வரிசை முழுக்க நிமிர்ந்திருக்க வேண்டும், டிக்கியில் பள்ளிக்கூடப் பைகளும் கோயில் பிரசாதக் கூடையும்தான் வைக்கலாம். ஏழு சீட்டு வண்டியில் முன்னால் 2, நடுவில் 3, பின்னால் ஒருத்தர் போதும். மூன்றாம் வரிசை பாதிப் பாதியாக மடங்கும். ஒரு பாதியில் பெண், மடக்கிய மறுபாதியில் லக்கேஜ்.

காகிதத்தில் நம்பாமல் செய்தே பார்த்தோம். ஊருக்கு எடுத்துப்போகிற பெரிய சூட்கேஸ், ஒரு டிராவல் பேக், பழைய ஸ்விஃப்டில் வந்திறங்கிய 25 கிலோ அரிசிச் சிப்பம். மூன்றாம் வரிசை முழுக்க நிமிர்ந்திருந்தபோது சிப்பத்தை நிறுத்தி வைக்க இடம் இருந்தது, சூட்கேஸுக்கு இல்லை. பாதியை மடக்கியதும் எல்லாம் உள்ளே போய், மேலே ஒரு தலையணையும் வைக்கலாம் போல இருந்தது. ஷோரூம் வாசலில் அரிசி மூட்டை ஏற்றுகிற குடும்பத்தைப் பார்த்து காவலாளி அண்ணன் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஓட்டுவதற்கு வருகிறேன். ஓமலூர் மெயின் ரோட்டிலிருந்து கிளம்பி, அஞ்சு ரோடு நெரிசலைத் தாண்டி, கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் வரை போக மேனேஜரிடம் போனில் அனுமதி வாங்கினான் சேல்ஸ் பையன். மலைக்கு மேலே விடமாட்டார்கள், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டு வருகிறேன் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? முதல் வளைவு வரைக்கும் என்று பேசி முடித்தோம்.

எஞ்சினைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2.2 லிட்டர் டீசல், 185 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 450 நியூட்டன் மீட்டர் டார்க். ஏழு பேர் உட்கார்ந்த வண்டி ஏற்றத்தில் திணறவே இல்லை. ஜிப், ஜாப், ஜூம் என்று டிரைவ் மோடுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பையன் பின்னாலிருந்து "ஜூம் போடுப்பா" என்று கத்திக்கொண்டே வந்தான். ஜிப்பே போதும் எங்களுக்கு. வளைவில் வண்டி சாய்கிறது, ஆனால் ஸ்டியரிங் பயமுறுத்தவில்லை.

முன் சீட்டில் இருந்தால் சஸ்பென்ஷன் அருமை. சின்னக் குழி எதுவும் தெரியவில்லை. ஆனால் திரும்பும்போது பாதி வழியில் மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நான் மூன்றாம் வரிசைக்குப் போனேன், அங்கே கதை வேறு. பின் சக்கரம் ஏறக்குறைய நம் இடுப்புக்குக் கீழே. பெயின்ட் அடிக்காத அந்த வேகத்தடைகள் இருக்கிறதே, மனைவி ஒன்றைக் கவனிக்காமல் ஏறியதும் நானும் பெண்ணும் ஒன்றாக எழும்பி உட்கார்ந்தோம். அவள் சிரித்தாள், என் இடுப்பு சிரிக்கவில்லை. பக்கக் கண்ணாடி சின்னது, முன்னால் சீட்டுகள் மறைக்கும். வாந்தி எடுக்கிற பழக்கமுள்ள பிள்ளையை மலைப் பாதையில் இங்கே உட்கார வைக்காதீர்கள். ஏசிக்கு மட்டும் முழு மார்க். பக்கவாட்டில் தனி வென்ட், காற்றைக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழ். மதிய வெயிலில் அடிவாரத்தில் நின்று கிளம்பிய வண்டி, கோரிமேடு வருவதற்குள் பின்னாலும் குளிர்ந்துவிட்டது. கண்ணாடிக் கூரையின் திரையைத் திறந்தால் மட்டும் உச்சந்தலையில் சூடு ஏறுகிறது. சேலத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண்ணாடி என்று எனக்கு விளங்கவில்லை, பிள்ளைகளுக்கு விளங்குகிறது.

மனைவி ஓட்டியதிலிருந்து ஒரு குறிப்பு. ஏடாஸ் என்கிற, வண்டியே ஓட்டுபவருக்குக் கைகொடுக்கிற உதவிகள் நான்கு வழிச்சாலைக்குத்தான். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை மெதுவாக இழுத்துப் பிடிக்கிறது. நெடுஞ்சாலையில் அது நல்லதுதான். ஊருக்குள் ராங் சைடில் வருகிற டூவீலர்களைப் பார்த்து எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. "உங்க அண்ணன் மாதிரியே கத்துது" என்றாள். அவளுக்கு இன்னொரு கவலை அகலம். 1,890 மில்லிமீட்டர், அதுவும் சைடு மிரர் சேர்க்காமல். எங்கள் பழைய ஸ்விஃப்டை விட ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் அதிகம். அரிசிபாளையத்தில் எங்கள் சந்தில் எதிரே ஒரு ஷேர் ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வீட்டு கேட்டை டேப் வைத்து அளந்தோம். மிரரை மடக்கினால் போகும்.

பாதுகாப்பு பற்றி ஒரே வரி: 2021 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு 5 ஸ்டார், குழந்தைகளுக்கு 4 ஸ்டார், அதுவும் இரண்டு ஏர்பேக் மட்டும் உள்ள வண்டிக்கு. செங்கல்பட்டு மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கிற ரிசர்ச் வேலியில் உருவான வண்டி என்பதில் மச்சானுக்குக் கொஞ்சம் பெருமை. அவன் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறான்.

திரும்பி வந்தால் அப்பா கொட்டேஷனில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சாலை வரி 10 முதல் 20 லட்சம் வரையான காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். கூடுகிற தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 19.5 லட்சம் வண்டிக்கு வரி 3.51 லட்சம், 20.5 லட்சம் வண்டிக்கு 4.10 லட்சம். வேரியண்டில் ஒரு லட்சம் மேலே போனால் வரியில் இன்னொரு 59 ஆயிரம். இரண்டு வேரியண்டுக்கு நடுவே தடுமாறுகிறவர்கள் எக்ஸ்-ஷோரூம் வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள், ஆன்-ரோடு வித்தியாசத்தைக் கேளுங்கள். 10 லட்சத்துக்கு மேல் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கிறவர் நம்மிடம் வசூலித்துக் கட்டுகிற வருமான வரி, பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், அதை விலையோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்சூரன்ஸை அங்கேயே எடுத்தாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இதற்கு முன் வேறொரு கம்பெனி ஷோரூமில் "வெளியே எடுத்தா டெலிவரி லேட் ஆகும் சார்" என்று இழுத்தார்கள், பெயர் வேண்டாம். இங்கே வெளியில் வாங்கிய கொட்டேஷனை அப்பா மேசைமேல் வைத்ததும் பேச்சில்லாமல் குறைத்தார்கள்.

ஏழு சீட்டு, டீசல், ஆட்டோமேட்டிக், ஏஎக்ஸ்7 புக் செய்தாயிற்று. எல் வேண்டாம், சோனி ஸ்பீக்கரில் எங்கள் வீட்டில் ஓடப்போவது கந்த சஷ்டி கவசமும் கார்ட்டூன் பாட்டும்தான். 360 டிகிரி கேமரா இல்லாதது மட்டும் சந்துக்குள் உறுத்தும். அந்தப் பணத்தில் பின் சீட்டுக்கு நல்ல சன் ஷேட், அம்மாவுக்கு சைடு ஸ்டெப், கேட்டில் இடித்தால் டிங்கரிங் செலவு எல்லாம் வந்துவிடும் என்கிறாள் மனைவி.