திறந்த ஹாலா, சிறு அறைகளா? இளம் ஊழியர்களுக்கான அலுவலகம்

இளைஞர்கள் நிறைந்த அலுவலகம் என்றதும் டிசைனர் முதலில் நீட்டும் வரைபடம் பெரும்பாலும் ஒன்றுதான்: தடுப்பில்லாத ஒரே ஹால், யாருக்கும் சொந்த மேசை கிடையாது, வந்தவர் காலியான இடத்தில் உட்காரலாம். மாற்று வழி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதி, ஆளுக்கொரு நிலையான மேசை, பக்கத்திலேயே கதவடைத்துப் பேச சிறு அறைகள். நாங்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. காரணத்தில் முக்கால்வாசி சத்தம்தான்.

ஹாலுக்கும் நியாயம் உண்டு. பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இடத்தில் 10 பேருக்கு 6, 7 மேசை போதும். ஆள் கூடினாலும் குறைந்தாலும் மேசையை நகர்த்தினால் முடிந்தது. ஆனால் எல்லா மேசையிலும் ஒரே மாதிரி மானிட்டர், லேப்டாப்பை அதோடு இணைக்கும் ஒரே வகை டாக், எல்லோருக்கும் லாக்கர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலை நேரம் கேபிள் தேடுவதிலேயே போகும். புதிதாகச் சேர்ந்தவருக்கு வேறொரு நஷ்டம்: சீனியர் இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே தெரியாது. பக்கத்தில் இருந்து காதில் விழுவதைக் கேட்டுத்தான் பாதி வேலை பழகும்.

‘சுவரை எடுத்தால் பேச்சு கூடும்’ என்பார்கள். பெர்ன்ஸ்டைன், டர்பன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது.

இப்போது சத்தம். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் சுமார் 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் இறங்கும். கான்கிரீட் கூரையும் கண்ணாடியும் சூழ்ந்த ஹாலில் அந்த அளவுக்கு இறங்காது. நாலு மேசை தள்ளி நடக்கும் வீடியோ கால் சொல் சொல்லாகக் கேட்கும். கவனத்தைக் கெடுப்பது இரைச்சலைவிடப் புரிகிற பேச்சுதான். ஹெட்ஃபோன் இருக்கிறதே என்றால், இரைச்சல் நீக்கும் வகை ஏசியின் உறுமலைத்தான் நன்றாக அடக்கும். உறுமல் போனபின் பேச்சு இன்னும் தெளிவாகவே கேட்கும்.

இளைஞர்களுக்குப் பிடிக்கும் என்று ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றி, குழாய்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பது இதில் பெரிய தப்பு. ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கும் கிளாஸ் வூல் (கண்ணாடி இழை) டைல் தன்மேல் படும் பேச்சொலியில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சும். வெறும் கான்கிரீட் கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். கார்பெட் காலடிச் சத்தத்தைத்தான் குறைக்கும். அந்தத் தோற்றம் வேண்டியே தீரும் என்றால் ஒலி உறிஞ்சும் பலகைகளைக் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கவிடுங்கள்.

அறை கட்டிவிட்டாலே சத்தம் நின்றுவிடாது. ஜிப்சம் தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றால் பேச்சு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். மேல்தளக் கான்கிரீட் வரை ஏற்றி, இரு பக்கமும் 12.5 மி.மீ. போர்டு இரண்டடுக்கு வைத்து, நடுவில் கிளாஸ் வூல் நிரப்ப வேண்டும். ஸ்விட்ச் பெட்டிகளைச் சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகாக வைக்கக் கூடாது, அதுவே ஓட்டையாகிவிடும். தடுப்பு மேல்வரை போவதால் ஒவ்வொரு அறைக்கும் தீ பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் தனி ஸ்பிரிங்க்ளர், புகை டிடெக்டர், காற்று திரும்பும் வழி தேவை. செலவு ஏறுவது இங்கேதான். பிறகு அறையை நகர்த்துவதும் லேசல்ல.

காற்றை மறப்பவர்களே அதிகம். ஒருவர் மட்டும் நிற்கும் போன் பூத்தின் கொள்ளளவு சுமார் 2 கனமீட்டர். உள்ளே இருப்பவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். காற்றோட்டம் இல்லையென்றால் பத்தே நிமிடத்தில் அளவு 1,500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,500 பங்கு) கூடிவிடும். அரை மணி நேர இன்டர்வியூ முடிவதற்குள் தலை கனக்கும். மணிக்கு 36 கனமீட்டர் காற்று மாற்றும் விசிறி இருந்தால் ஹாலைவிட 500 பிபிஎம் கூடுதலோடு நிற்கும்.

எத்தனை அறை? 40 பேர் உள்ள தளத்துக்கு நாலைந்து பூத், இருவர் அமரும் அறை இரண்டு, ஆறு பேருக்கு ஒன்று என்று தொடங்கலாம். நாள் முழுக்க போனிலேயே இருக்கும் குழுக்களுக்கு இந்தக் கணக்கு போதாது. நூறு பேருக்கு மேற்பட்ட தளங்களில் எங்கள் அனுபவம் குறைவு. அங்கே கலப்பு அமைப்பு மேலாக இருக்கலாம்.

கான்ட்ராக்டரிடமிருந்து அறையை ஏற்குமுன் உள்ளே ஒருவரைச் சாதாரணக் குரலில் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லி, கதவை மூடி, வெளியே ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். வார்த்தை புரிந்தால் முதலில் கதவின் அடி இடைவெளியைப் பாருங்கள். கதவு மூடும்போது தானே கீழிறங்கி அடைக்கும் சீல் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். சட்டமில்லாத கண்ணாடிக் கதவில் அதைப் பொருத்துவது சிரமம். ஆகவே கதவை மரத்திலோ சட்டமுள்ள கண்ணாடியிலோ ஆர்டர் கொடுப்பதே நல்லது.