பயன்படுத்திய ஓப்பன்-பேக் ஹெட்போன் வாங்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் பயன்படுத்திய உயர்விலை ஓப்பன்-பேக் (பின்புறம் திறந்த) ஹெட்போன் வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நகர மையத்திலுள்ள ஒரு கடை எனக்கு விற்ற சென்ஹைசர் எச்டி 800 எஸ் ஹெட்போனில் வலப்பக்க டிரைவர் (ஒலியை எழுப்பும் உள்பகுதி) யாராலோ மாற்றப்பட்டிருந்தது. காதைச் சுற்றி அமரும் மெத்தைகளான இயர்பேட்களும் அசல் அல்ல. இவ்விரண்டையும் மறைத்து, காட்சிக்கு மட்டுமே வைத்திருந்த பொருள் என்று சொல்லி, புதியதன் விலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை என்னிடம் வாங்கினார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு பணம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் நான் திருப்பிக் கொடுத்த அதே ஹெட்போன், அதே வரிசை எண் படத்தில் தெரிய, "குறை ஏதுமில்லை" என்ற குறிப்புடன் மறுபடியும் அவர்களுடைய விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அடுத்து வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதே என் கவலை.

முதலில், அக்கடையில் ஹெட்போன்களை ஒப்பிட்டுக் காட்டும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்று அங்கேயே தொடங்குகிறது. எச்டி 800 எஸ்ஸையும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஹைஃபைமேன் சுஸ்வாரா ஹெட்போனையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒலியளவுக் குமிழைத் தொடாமல் மாற்றி மாற்றிச் சொருகி, "சுஸ்வாராவையே எச்டி 800 எஸ் மிஞ்சுகிறது, கேளுங்கள்" என்றார் விற்பனையாளர். எச்டி 800 எஸ், ஒரு வோல்ட் மின்னழுத்தத்துக்கு 102 டெசிபல் ஒலி தரும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. சுஸ்வாராவின் மின்தடை 60 ஓம், உணர்திறன் ஒரு மில்லிவாட் மின்சக்திக்கு 83 டெசிபல். அதையே ஒரு வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 95 டெசிபல்தான் வரும். ஆக, குமிழ் ஒரே இடத்தில் நிற்கும்போது இரண்டுக்கும் இடையே 7 டெசிபல் வேறுபாடு இருக்கிறது. உரக்க ஒலிப்பதைச் சிறந்தது என்று எடுத்துக்கொள்வது மனிதச் செவியின் இயல்பு; ஒலியளவு குறையும்போது தாழ்சுருதியே முதலில் நம் செவிக்கு எட்டாமல் போவதால், மெதுவாக ஒலிக்கும் ஹெட்போன் மெலிந்துபோனதாகவும் தோன்றும். ஓரிரு டெசிபல் வேறுபாட்டைக் கூட நாம் ஒலியளவின் வேறுபாடாக உணராமல் "தெளிவு" என்று எண்ணிக்கொள்கிறோம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒலியளவைச் சமப்படுத்தாத ஒப்பீட்டுக்கு எந்த மதிப்பும் கிடையாது என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாவதாக, என் கைபேசியிலிருந்த பதிவுகளை ஒலிக்கவிட அவர்கள் சம்மதிக்கவில்லை. தங்கள் பட்டியலிலுள்ள இசையை மட்டுமே போட்டார்கள். அவை அனைத்தும் இடமும் வலமும் அகலமாகப் பிரிந்து ஒலிக்கும் பெரிய வாத்தியக் குழுப் பதிவுகள். அத்தகைய பதிவில் ஒரு பக்கம் சற்று மங்கியிருந்தாலும் கண்டுபிடிப்பது கடினம். ஓப்பன்-பேக் ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. காதை மூடும் அதன் கூண்டு பின்புறம் திறந்திருப்பதால்தான் ஒலி அவ்வளவு விரிவாகக் கேட்கிறது. அறைக் குளிரூட்டியின் நேர் கீழே, பக்கத்து மேசையில் ஸ்பீக்கர் ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தில் உட்காரவைத்தால் நுண்ணிய குறைகள் அனைத்தும் அந்த இரைச்சலில் மறைந்துவிடும். அமைதியான அறை கேட்டபோது அது "முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்" என்றார்கள்.

வீட்டில், தம்பூரா சுருதியோடு ஒருவர் தனியாகப் பாடும் பழைய மோனோ பதிவைப் போட்டபோது குறை வெளிப்பட்டது. மோனோ பதிவில் இரு பக்கமும் ஒரே ஒலிதான் செல்கிறது. ஆகவே குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். இங்கே குரலின் அடிநாதம் நடுவில் நின்றது, ஆனால் "ச", "ஸ்" போன்ற ஒலிகள் இடப்பக்கம் நழுவின. தம்பூராவின் ரீங்காரமும் இடது காதிலேயே மினுங்கியது. தாழ்சுருதி முதல் உச்சசுருதி வரை ஒரே அளவில் சாய்ந்திருந்தால் ஆம்ப்ளிஃபயர் குமிழின் குறை என்று கொள்ளலாம். உச்சசுருதி மட்டும் சாய்வது டிரைவரையே சுட்டும் அடையாளம்.

இதைக் கடையில் சொன்னபோது மூன்று விளக்கங்கள் அடுத்தடுத்து வந்தன. மூன்றும் உண்மையான செய்திகளைத் தொட்டே செல்வதால் மற்றவர்களும் நம்பிவிடக்கூடும். முதல் விளக்கம் இது: 2009-இல் வந்த எச்டி 800-இல், உச்சசுருதியில் ஏறத்தாழ 6 கிலோஹெர்ட்ஸ் அருகில் ஒலி கூர்மையாக எழும். 2016-இல் வந்த எஸ் வடிவத்தில் அதை அடக்க ஒலியுறிஞ்சும் அமைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். நான் கேட்கும் மங்கல் அந்த அமைப்பின் வேலைதான் என்றது கடை. ஆனால் அந்த அமைப்பு இரு கூண்டுகளிலும் இருக்கிறது. ஒரு காதை மட்டும் அது மங்கச் செய்யாது. அடுத்து, இன்னும் சில வாரங்கள் ஒலிக்கவிட்டால் பழகிச் சரியாகிவிடும் என்றார்கள். பொறுத்திருக்கச் சொல்லும் இந்த வாதத்தின் விளைவு, பொருளைத் திருப்பித் தரும் காலக்கெடு கடந்துபோவதுதான். கடைசியாகச் சிங்கப்பூரின் ஈரப்பதத்தின் மீது பழி போட்டார்கள். ஈரப்பதம் இங்கே உண்மையிலேயே பெரிய எதிரி: இயர்பேட்டில் பூஞ்சை பிடிக்கும், உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு பொடிந்து உதிரும். ஆயினும் வாங்கிச் சென்ற சில நாள்களுக்குள், ஒரு பக்க டிரைவரை மட்டும் தேர்ந்தெடுத்து அது கெடுப்பதில்லை.

குறை ஹெட்போனிலா, கம்பியிலா, நம் செவியிலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. ஹெட்போனை இடவலம் மாற்றித் தலையில் மாட்டுங்கள். சாய்வு அதே காதில் தொடர்ந்தால் காரணம் செவி; மறு காதுக்கு மாறினால் குறை கருவியில். அதன் பின், எச்டி 800 எஸ் போல இரு கூண்டிலும் தனித்தனியே கழற்றக்கூடிய கம்பி இருந்தால், அம்முனைகளை இடம் மாற்றிச் சொருகுங்கள். குறை கம்பியோடு இடம்பெயர்ந்தால் கம்பியோ ஆம்ப்ளிஃபயரோ காரணம். அதே கூண்டில் தங்கினால் டிரைவர். என்னுடையது வலக் கூண்டிலேயே தங்கியது. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் கல்யாண, கோயில் நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்பு செய்யும் என் அத்தை மகன் ஒலியை அளக்கும் மைக்ரோஃபோன் வைத்துப் பார்த்ததில், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வலப்பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தது. இயர்பேட்டைக் கழற்றியபோது வலக் கூண்டின் பற்றவைப்புப் புள்ளிகளில் மட்டும், யாரோ மறுபடி பற்றவைத்ததன் தடயமாக, பழுப்பான பசை எஞ்சியிருப்பதும் தெரிந்தது. இவ்வகை ஹெட்போன்களில் இரு டிரைவர்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் எங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தினால் அந்த இணை குலைந்துவிடும்.

இயர்பேட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதை வெறும் மெத்தையாகக் கருதுகிறார்கள். செவிக்கும் டிரைவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அதன் தடிமன் தீர்மானிக்கிறது. சென்ஹைசரின் எச்டி 600, 650 போன்ற ஹெட்போன்களில் பேட் நைந்து தட்டையானால் ஒலியின் தன்மையே மாறிவிடும். எச்டி 800 எஸ்ஸின் அசல் பேட் மென்னிழைத் துணியால் ஆனது. எனக்குக் கொடுத்ததோ தோல் போன்ற செயற்கைப் பொருள். காற்று கசியாததால் தாழ்சுருதியைக் கூட்டிக் காட்டியது. பேட் தேய்வது இயல்பு, மாற்றலாம், ஆனால் மாற்றியதைச் சொல்லியாக வேண்டும். சுத்தம் செய்கிறோம் என்று அவர்கள் அழுத்தக் காற்றுக் குழாயை டிரைவரின் முகத்துக்கு நேரே பிடித்ததையும் கண்டேன். தலைமுடியின் பிசிறு விழுந்தால் மெல்லிய தூரிகையால் எடுக்க வேண்டுமே தவிர, காற்றடித்தோ தூசி உறிஞ்சும் கருவியாலோ அல்ல. காகிதத்தினும் மெல்லிய சவ்வு ஒரு நொடியில் மடங்கிவிடும். வீட்டில் வைத்திருப்பவர்கள், கேமராவுக்குப் பயன்படுத்தும் ஈரம்நீக்கும் அலமாரியில் 45 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைத்தால் போதும்.

பணம் திரும்பக் கிடைத்தது சட்டத்தால்தான். "பயன்படுத்திய பொருளுக்கு உத்தரவாதம் இல்லை" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டி முதலில் மறுத்தார்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலிருக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டம் கடைகள் விற்கும் பயன்படுத்திய பொருள்களுக்கும் பொருந்தும். பொருளின் வயதும் விலையும் கணக்கில் கொள்ளப்படும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. பழுதுபார்ப்பதோ மாற்றித் தருவதோ முதல் தீர்வு. அது நியாயமான காலத்துக்குள் நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். விற்பதற்கு முன்பே குறையைச் சொல்லியிருந்தால் அந்தக் குறைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கடை அல்லாத தனிநபரிடம் நேரடியாக வாங்குபவர்களுக்கும் கிடையாது.

பழுதுபார்த்துத் தருமாறு நான் எழுத்தில் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் அளித்தேன்; பின்னர் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழி விண்ணப்பித்தேன். 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் ஏற்கிறது. வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கு இடமில்லை. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மைக்ரோஃபோன் அளவீட்டுப் படங்களையும் பற்றவைப்பின் படங்களையும் இணைத்திருந்தேன். மன்றத்தின் ஆலோசனை அமர்வுக்கு முன்பே முழுத் தொகையையும் தருவதாகக் கடை ஒப்புக்கொண்டது.

அந்த ஹெட்போனை இப்போது யாரேனும் பார்க்கப் போனால், தனிக்குரல் மோனோ பதிவு ஒன்றைக் கைபேசியில் கொண்டுசெல்லுங்கள், அமைதியான அறையில்தான் கேட்பேன் என்று வற்புறுத்துங்கள், வலப்பக்க இயர்பேட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டிரைவர்கள் இரண்டும் அசல், திறந்து பழுதுபார்த்ததில்லை என்பதை வரிசை எண்ணுடன் ரசீதில் எழுதித் தர மறுத்தால், பணம் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.