கம்போடியாவுக்குத் தொண்டராகவா, விருந்தாளியாகவா?

கல்லூரி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூர் மாணவர்களிடையே கம்போடியாவின் பெயர் அடிபட ஆரம்பித்துவிடும். விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், செலவும் கட்டுப்படியாகும், சேவைக்குப் போகிறேன் என்றால் வீட்டிலும் மறுக்கமாட்டார்கள். போக மூன்று வழிகள் உண்டு. ஏஜென்சிக்குப் பணம் கட்டித் தொண்டராகப் போகலாம். கல்லூரியின் சேவைவழிக் கற்றல் பாடத்தில் சேர்ந்து போகலாம். இல்லாவிட்டால், ஊரார் தாங்களே நடத்தும் சுற்றுலாவுக்குக் காசு கொடுத்து விருந்தாளியாகப் போகலாம். மூன்று விதமாகவும் போய்வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கையில் இருப்பது இரண்டு வாரம்தான் என்றால் மூன்றாவதுக்குத்தான் என் ஓட்டு.

முதல் வழியில் ஒரு பகுதியை உடனே கழித்துவிடலாம்: அநாதை இல்லங்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையே கம்போடியாவில் இந்த இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அநாதைகள் பெருகிய காலம் இல்லை அது, சுற்றுலா பெருகிய காலம். யுனிசெஃப் துணையோடு அரசு நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில், அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது தெரிந்தது. வறுமையாலும், அங்கே போனால் படிப்பாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும் அனுப்பப்பட்டவர்கள் பலர். இதற்கு மேல் இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்துக்குச் சாயம் அடிப்பது, ஆங்கிலம் சொல்லித்தருவது போன்றவற்றில் அவ்வளவு தீங்கு இல்லை. பலனும் அவ்வளவு இல்லை. நாங்கள் ஒரு ஆட்டப்பாட்டைத் தயார்செய்துகொண்டு போனோம். முதல் வரியை எடுத்ததுமே வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று, அபிநயத்தோடு முழுப்பாட்டையும் பாடி முடித்துவிட்டது. எங்களுக்கு முன்னால் வந்த குழுக்களும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்! சுவரும் அதே கதை. சுரண்டச் சுரண்டப் பழைய சாயம் அடுக்கடுக்காக உரிந்தது: மஞ்சள், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் யாரோ வரைந்த வானவில். ஆசிரியர் கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பாடம் நடக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

கல்லூரிப் பாடம் இதைவிட எவ்வளவோ மேல். போவதற்கு முன்னால் படிக்க வேண்டும், வந்தபின் எழுத வேண்டும். அதே ஊருக்கு வருடாவருடம் போவதால், முந்தைய குழு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்களுக்கு வாய்த்தது தண்ணீர் வடிகட்டிகளைப் பற்றிய கணக்கெடுப்பு. களிமண்ணோடு உமி கலந்து சுட்ட பானை அது. சூளையில் உமி எரிந்துபோன இடத்தில் நுண்துளைகள் விழும், தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து கீழே இருக்கும் வாளியில் இறங்கும். உள்ளூர் அமைப்பின் பணியாளர் கெமர் மொழியில் கேட்க, நாங்கள் வீடு வீடாகக் குறித்துக்கொண்டு போனோம். பல வீடுகளில் பானை நன்றாகத்தான் இருந்தது, கீழ்வாளியின் பிளாஸ்டிக் குழாய்தான் உடைந்திருந்தது. ஆக, அந்த ஊருக்கு வேண்டியிருந்தது புது வடிகட்டி இல்லை, மாற்றுக் குழாய். வகுப்பில் உட்கார்ந்து யோசித்திருந்தால் எங்களுக்கு இது தோன்றியே இருக்காது. ஆனால் எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் அந்தப் பணியாளரின் சொந்த வேலை தேங்கிப்போனது. மதிப்பெண் எங்களுக்குத்தான் வந்தது.

மூன்றாவது வழிக்கு நான் சொல்லும் ஊர் சி பாட். கோ கோங் மாகாணத்தில், ஏலக்காய் மலைத்தொடரை ஒட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் மரம் வெட்டியும் வேட்டையாடியும் பிழைத்தவர்கள் நிறையப் பேர் இருந்த ஊர். 2007 வாக்கில் வைல்ட்லைஃப் அலையன்ஸ் என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பின் உதவியோடு ஊரார் சுற்றுலாவைத் தொடங்கினார்கள். எவ்வளவு கட்டணம், எந்த வீட்டுக்கு எப்போது விருந்தாளி என்பதெல்லாம் ஊர்க்குழுவின் பொறுப்பு. வருமானத்தில் ஒரு பங்கு பொதுநிதிக்குப் போகிறது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பழைய வேட்டைக்காரர். நடுக்காட்டில் நின்று, மோட்டார்சைக்கிள் பிரேக் கம்பியில் கண்ணி வைப்பது எப்படி என்று ஒரு இளமரத்தை வளைத்துக் காட்டினார். எந்தத் தடத்தில் வைப்பார்கள், விலங்கு எந்தப் பக்கம் கால் வைக்கும் என்று விளக்கிவிட்டு மரத்தை நிமிர்த்திவிட்டார். தெரிந்தவர் அவர், தெரியாதவள் நான். வீட்டுக்கார அம்மாவும் நான் கொசுவலை கட்டிய லட்சணத்தைப் பார்த்துவிட்டு அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பள்ளிக்கூடத்தில் பார்த்த அந்தச் சிரிப்பு இங்கே யார் முகத்திலும் இல்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னார்கள்.

1968-ல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், தொண்டுக்கு வந்த அமெரிக்க மாணவர்களிடம் சமூகச் சிந்தனையாளர் இவான் இல்லிச் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள். கொஞ்சம் காட்டமான பேச்சுதான். ஆனாலும் இரண்டு வாரக்காரர்களுக்கு அது இன்றும் பொருந்தும்.

சி பாட் மாதிரி ஏற்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. கழிப்பறையும் கூடுதலாக ஒரு படுக்கையிடமும் இருக்கும் வீட்டுக்குத்தான் விருந்தாளி வருவார், ஊரிலேயே ஏழையான வீட்டுக்கு வரமாட்டார். கோவிட் காலம் மாதிரி ஆள்வரவு நின்றுபோனால் வருமானமும் நின்றுவிடும். இருட்டிய பிறகு மொழி தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதும் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும்.

தாதிமை, பொறியியல் என்று கையில் ஒரு தொழில் இருந்து, மாதக்கணக்கில் தங்கவும் முடியும் என்றால் என் கணக்கு மாறும். அப்போது உள்ளூர் அமைப்பே கேட்டு அழைக்கும் வேலைக்குப் போங்கள். மற்றவர்கள் புனோம்பென்னிலிருந்து கோ கோங் பேருந்து ஏறி, ஆண்டோங் தூக் என்ற ஊரில் இறங்கினால் சி பாட்டுக்குப் படகோ மோட்டார்சைக்கிளோ கிடைக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. ஜூன் விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் நீளக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள், காட்டில் அட்டை அதிகம்.