கேம் ஜாமுக்கு அனுப்பும் முன்: டெலிட் பட்டன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு மொபைல் கேம் கம்பெனி ஆன்லைனில் நடத்திய கேம் ஜாமில் (சில நாட்களுக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் போட்டி) நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கலந்துகொண்டோம். கோடிங் நான், படங்கள் ஒரு தோழி, இசை இன்னொரு நண்பர். அந்த கேம் இப்போது பிளே ஸ்டோரில் அந்தக் கம்பெனியின் கணக்கில், ஒவ்வொரு முறை தோற்கும்போதும் ஒரு விளம்பரத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களால் அதை எடுக்கவும் முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை. அடுத்த ஜாமுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

ஜாமின் முகப்பில் "உங்கள் கேம் உங்களுக்கே சொந்தம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சப்மிட் படிவத்தில் இருந்த டிக் பெட்டிக்குப் பின்னால் வேறொரு ஆவணம். நிரந்தரமான, உலகம் முழுவதற்குமான, திரும்பப் பெற முடியாத, பிறருக்கும் மாற்றித் தரக்கூடிய உரிமத்தை நாம் அவர்களுக்குத் தருகிறோம் என்று அதில் இருந்தது. இரண்டில் எதுவும் பொய் இல்லை, கெட்டிக்காரத்தனமே அங்கேதான். பட்டா நம் பெயரில் இருக்கும், அறுவடை அவர்களுக்குப் போகும்.

அதோடு சோர்ஸ் கோடு (கேமுக்காக நாம் எழுதிய நிரல் வரிகள்), படங்களின் மூலக் கோப்புகள் எல்லாவற்றையும் ஜிப் செய்து அவர்கள் சர்வரிலேயே ஏற்றச் சொன்னார்கள். நடுவர்கள் சரிபார்ப்பதற்காம். நேரம் முடிந்ததும் எடிட், டெலிட் இரண்டு பட்டனும் மறைந்தன. ஓட்டெடுப்பு முடியும்வரை பூட்டி வைப்பது எல்லா ஜாமிலும் உள்ளதுதான், சரி. முடிவு அறிவித்த பிறகும் அவை திரும்பி வரவில்லை.

எங்களுடையது ஒற்றைப் பட்டன் கேம். தவில் அடிக்கு ஏற்றபடி ஒரு கோழி குதிக்க வேண்டும். பள்ளங்களின் இடைவெளியே தாளக் கணக்கில் வைத்ததுதான். பிளே ஸ்டோரில் பார்த்ததும் நண்பர் அவர்களுக்கு எழுதினார்: டிக் அடித்தது நான் இல்லை, இசைக்கு நான் யாருக்கும் எதுவும் எழுதித் தரவில்லை. பதில் மரியாதையாக வந்தது. இசையை மட்டும் எடுத்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு கிடார் டியூனைப் போட்டு, கேமை அப்படியே ஓடவிட்டார்கள்! இப்போது கோழி ஒரு தாளத்தில் குதிக்கிறது, பாட்டு வேறு தாளத்தில் போகிறது. "கண்ட்ரோல் சரியில்லை" என்று ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிகின்றன. கிரெடிட்டில் எங்கள் மூன்று பேர் பெயரும் பத்திரமாக இருக்கின்றன. அந்த கிடார் டியூனுக்கு இசையமைப்பாளர் என்று நண்பர் பெயர்!

எல்லா ஜாமும் இப்படி இல்லை. 2002 முதல் நடக்கும் லூடம் டேர் ஜாமின் தனிநபர் போட்டியிலும் சோர்ஸ் கோடு கேட்பார்கள், ஆனால் கேம் செய்தவருடையதாகவே இருக்கும். 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் பல ஆண்டுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, படைத்தவர் நிபந்தனையோடு பிறரைப் பகிர அனுமதிக்கும் பொது உரிமத்தின் கீழ் கேம்களை வாங்கியது. அதுவும் வணிகப் பயன்பாடு கூடாது என்ற வகை. கேம்களை நாமே வெளியிடும் இட்ச் (itch.io) தளத்தில் நடக்கும் ஜாம்களில் கேம் நம் சொந்தப் பக்கத்தில்தான் இருக்கும். ஜாமுக்குப் போவது அதற்கான இணைப்பு மட்டுமே. என்னைக் கேட்டால் விதிமுறையின் வார்த்தைகளைவிட இந்த ஏற்பாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபைல் யார் கணக்கில் இருக்கிறதோ அவருக்குத்தான் டெலிட் பட்டன்.

வார இறுதியில் செய்த சின்ன கேமுக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கிறவர்களுக்கு: சூப்பர்ஹாட் 2013இல் ஏழு நாள் ஜாமில் பிறந்து 2016இல் முழு கேமாக வந்தது. பாபா இஸ் யூ 2017 நார்டிக் கேம் ஜாமில் பிறந்து 2019இல் விற்பனைக்கு வந்தது. இடையில் ஜாம் நடத்தியவரே மூல வடிவத்தை விளம்பரத்தோடு ஸ்டோரில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். பெரிய கம்பெனிகளும் இதில் உஷார்தான். பிளிசார்டு கம்பெனியின் வார்கிராஃப்ட் 3 கேமோடு வந்த எடிட்டரில் ரசிகர்கள் செய்த டோட்டா, பின்னாளில் வால்வ் என்ற வேறொரு கம்பெனியின் டோட்டா 2 ஆனது. 2020இல் வார்கிராஃப்ட் 3இன் புதுப்பித்த பதிப்பான ரீஃபோர்ஜ்ட் வந்தபோது, எடிட்டரில் யார் எந்த கேம் செய்தாலும் அது பிளிசார்டுக்கே சொந்தம் என்று விதியில் எழுதிவிட்டார்கள்.

இந்தியாவில் 1957 பதிப்புரிமைச் சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. பிரிவு 19இன்படி உரிமையை மாற்றித் தர எழுத்தும் கையொப்பமும் வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். 'நிரந்தரமான', 'உலகம் முழுவதற்குமான' என்ற சொற்களை ஏன் மறக்காமல் போடுகிறார்கள் என்று இப்போது புரியும். பிரிவு 57 வேறு வகை. உரிமையையே விற்றுவிட்டாலும், தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைச் சிதைத்தால் படைத்தவர் கேட்கலாம். கிடார் விவகாரத்தை இதன்கீழ்தான் எழுதி அனுப்பியிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.

குழுவாகச் செய்கிறவர்கள் யார் எதைச் செய்தார், எது யாருக்குச் சொந்தம் என்று ஜாம் தொடங்கும் முன்பே ஒரு மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளுங்கள். இசை விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது அதுதான். கிட் (Git, கோடில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றை அழிக்காதீர்கள். வெப் பில்டாக (பிரவுசரிலேயே ஓடும் வடிவம்) இருந்தால், எந்த முகவரியில் ஓடுகிறது என்று பார்த்து வேறு தளமாக இருந்தால் நின்றுவிடும்படி சில வரி கோடு சேர்த்துவிடலாம். ஒன்று கவனம், இட்ச்சில் கேம் ஓடுவது நம் பக்க முகவரியில் இல்லை, வேறொரு டொமைனிலிருந்து வரும் சட்டகத்துக்குள். அதையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்காவிட்டால் நம் கேம் நம் பக்கத்திலேயே ஓடாது. சோர்ஸ் கோடைக் கொடுத்துவிட்டால் இந்தப் பூட்டால் பயனில்லை, அந்த வரிகளை நீக்க இரண்டு நிமிடம் போதும்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட ஜாமில் கலந்துகொண்டவர்கள், உங்கள் கேமின் பெயரை மட்டும் போட்டு ஸ்டோரில் தேடாதீர்கள். எங்களுடையதற்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். நடத்திய கம்பெனியின் கணக்கைத் திறந்து, அவர்களுடைய கேம்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.