கோட் 14 பழக எது நல்லது: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

இங்கே தென்னாப்பிரிக்காவில் டிரெய்லர் இழுக்கும் கனரக லாரி ஓட்டுவதற்கான லைசென்ஸ்தான் கோட் 14. அதை எடுக்க நினைக்கும் என் அக்கா மகன், டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருப்பவன், போன மாதம் கேட்டான்: "மாமா, ஆட்டோமேட்டிக் லாரியில் பழகினால் சீக்கிரம் முடிஞ்சுடுமாமே?" நான் மேனுவலில் பழகியவன். அவனுக்கும் மேனுவலைத்தான் சொன்னேன்.

ஆட்டோமேட்டிக் சுகமானது, மறுக்கவில்லை. வோல்வோ லாரியின் ஐ-ஷிஃப்ட் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச் பெடலே கிடையாது. 12 கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும். டர்பன் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோட்டில் கன்டெய்னருக்காக வரிசையில் ஊர்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மேனுவலில் போன நாளெல்லாம் இரவு எனக்கு இடது முழங்கால் மடங்காது.

ஆனால் லைசென்ஸ் அட்டையைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் வண்டிக் கட்டுப்பாடு என்ற இடத்தில் 1 விழும். அப்புறம் கிளட்ச் வைத்த லாரியைத் தொட முடியாது. மேனுவலில் கொடுத்தால் 0, இரண்டையும் ஓட்டலாம். அந்த 1 போக வேண்டுமென்றால் மேனுவலில் திரும்ப டெஸ்ட்: திரும்பத் தேதி, திரும்ப லாரி வாடகை. புதுப் பையனுக்கு முதல் வேலை எங்கே கிடைக்கும்? நான் பார்த்தவரை, ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம்தான். அவர்களிடம் நிற்பது பழைய ஃபிரைட்லைனர் லாரி, ரோட்ரேஞ்சர் என்ற மேனுவல் கியர்பாக்ஸோடு. எனக்கு முதலில் வேலை கொடுத்தவர் லைசென்ஸைக்கூடப் பார்க்கவில்லை, "தம்பி, ரோட்ரேஞ்சர் ஓட்டுவியா?" என்றுதான் கேட்டார்.

அது ஒரு நாளில் கைக்கு வராது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு இழுக்கணும், காலை எடுக்கணும், மறுபடி மிதித்து அடுத்த கியரில் போடணும். கியரைக் குறைக்கும்போது நடுவில் எஞ்சின் வேகத்தை ஏற்றணும். ஓடும் வண்டியில் கிளட்சை அடிவரை மிதிக்கக்கூடாது. கடைசி ஒரு அங்குலத்தில் கிளட்ச் பிரேக் (வண்டி நிற்கும்போது கியர்பாக்ஸின் சுழற்சியை நிறுத்தும் பிரேக்) பிடித்துத் தேய்ந்துவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டவுன் ஹில் என்ற சரிவில் இறங்கும்போது பாதியில் கியர் நழுவினால் திரும்பப் பிடிப்பது கஷ்டம், பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். அதனால் சரிவுக்கு முன்பே கியரைக் குறைக்கப் பழகிவிடுவோம். ஆட்டோமேட்டிக்கிலும் அங்கே மேனுவல் மோடுக்கு மாற்றிக் கியரைக் கட்டிப்போட வேண்டும். வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று பழகியவனுக்கு அது நேரத்துக்கு ஞாபகம் வருமா என்பதுதான் என் பயம்.

நான் ஆட்டோமேட்டிக் ஓட்டியது மாற்று டிரைவராக மூன்று வாரம்தான். பாரத்தோடு வான் ரீனன் கணவாய் ஏறியது இரண்டே முறை. இரண்டு முறையும் நன்றாகவே ஏறியது. வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் இதைவிட நல்லதாகச் சொல்லலாம். ஆட்டோமேட்டிக் லாரிகளே ஓடும் கம்பெனி ஒன்று தானே பழக்கி வேலையும் தருகிறதென்றால், தயங்காமல் போகலாம்.

பையன் ரோட்ரேஞ்சர் வண்டி வைத்திருப்பவரிடமே சேர்ந்துவிட்டான். ஒரு வாரமாகியும் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்க வரவில்லை என்கிறான். எனக்குப் பத்து நாள் ஆனது.