சிக்மா 18-50ஆ, டாம்ரான் 17-70ஆ? குமரி மாவட்டத்தில் ஒரே பையோடு அலைகிறவர்களுக்கு

விடியுமுன் தோவாளைப் பூச்சந்தை, மதியம் மாத்தூர் தொட்டிப்பாலம், சாயங்காலம் முட்டம். மூன்றையும் ஒரே நாளில் பைக்கில் முடித்துவிடலாம் என்பது நம் மாவட்டத்துக்குக் கிடைத்த வரம். கேமராப் பைக்கு அதுவே சோதனை. சந்தையில் வெளிச்சம் போதாது, பாலத்தில் நடை அதிகம், முட்டத்தில் உப்புக்காற்று. உதவிக்கு ஆள் இல்லாமல், போட்டோவும் வீடியோவும் ஒருவரே எடுப்பதாக இருந்தால் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். சோனி ஏ7 IV பாடி 658 கிராம், அதில் டாம்ரான் 28-75 இரண்டாம் தலைமுறை லென்ஸைப் போட்டால் இன்னொரு 540. கிட்டத்தட்ட 1,200 கிராம். அதைவிடச் சின்னதான கிராப் சென்சார் உள்ள சோனி ஏ6700 பாடி 493, சிக்மா 18-50 லென்ஸ் வெறும் 290, கூட்டினால் 783. நானூறு கிராம் வித்தியாசம் வீட்டில் கையில் பிடித்துப் பார்க்கும்போது தெரியாது, சிதறால் மலைப்பாதையில் பாதி ஏறியதும் தெரியும். இரவுக் கல்யாணமும் மண்டப வேலையும்தான் பிழைப்பு என்றால் ஃபுல் ஃபிரேமே எடுங்கள், அந்த வெளிச்சத்தில் அது தரும் சுத்தம் வேறு. நடந்து எடுக்கிறவர்களுக்கு கிராப் சென்சார் போதும்.

அப்புறம் எந்த ஜூம்? சோனி கிராப் பாடி வைத்திருப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது சிக்மா 18-50, டாம்ரான் 17-70 என்ற இந்த இரண்டு லென்ஸில்தான். இரண்டுக்கும் ஜூம் முழுக்க எஃப் 2.8 (லென்ஸ் வாய் திறக்கும் அளவு, எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்). சிக்மா 290 கிராம், நீளம் 8 செ.மீ.கூட வராது. டாம்ரான் 525 கிராம், 12 செ.மீ. நீளம். ஃபுல் ஃபிரேம் கணக்கில் சொன்னால் சிக்மா 27-75 மி.மீ., டாம்ரான் சுமார் 25-105, எண் கூடக் கூடத் தூரத்துக் காட்சி நெருங்கி வரும். அந்த 105 சின்ன விஷயம் இல்லை. கன்னியாகுமரிக் கரையில் நின்று 133 அடி வள்ளுவர் சிலையை எடுத்துப் பாருங்கள், சிக்மாவின் 50இல் சிலை கடலுக்குள் சிறுத்து நிற்கும், டாம்ரானின் 70இல் தான் படத்தில் அதற்கு ஓர் இடம் கிடைக்கும். முகத்தைத் தனியாகப் பிரித்து எடுக்கவும் 70 அழகு.

தோவாளையில் கதை மாறும். மாணிக்கமாலை கட்டும் விரல்களை நெருங்கி எடுக்க வேண்டுமென்றால் சிக்மா அகலமான முனையில் 12.1 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும், டாம்ரானுக்கு 19 செ.மீ. வேண்டும். ஆனால் இந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளப்பது. 12 செ.மீ.யில் லென்ஸின் மூக்கு பூவைத் தொட்டுவிடும்போல நிற்கும், அதன் நிழலே பூமேல் விழும். அதனால் நான் ஜூமை 30, 35 மி.மீ.க்குக் கொண்டுவந்து கொஞ்சம் தள்ளியே எடுக்கிறேன். இன்னொன்று, கூட்டத்தில் சின்ன லென்ஸைக் கண்டு யாரும் கைவேலையை நிறுத்துவதில்லை. பெரிய லென்ஸை நீட்டினால் நிமிர்ந்து பார்த்துவிடுகிறார்கள், எடுக்க வந்த காட்சி அதோடு போய்விடும்.

இதுவரை சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தராசு சாய்வது பாடியைப் பொறுத்து. டாம்ரானுக்குள் அதிர்வைத் தாங்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது, சிக்மாவில் இல்லை. ஏ6700 பாடிக்குள்ளேயே சென்சார் ஸ்டெபிலைசேஷன் உண்டு, ஆகவே அதில் சிக்மாவைப் போட்டாலும் நின்ற இடத்தில் கையில் பிடித்து வீடியோ எடுக்க முடிகிறது. ஏ6400இல் அது இல்லை. குலசேகரத்துத் தம்பி ஒருவன் ஏ6400 வைத்திருக்கிறான். “அண்ணே, நீங்க சிக்மாதானே வச்சிருக்கீங்க, நானும் அதையே எடுக்கட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். என்னுடைய சிக்மாவை அவன் பாடியில் மாட்டி ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு நிமிடம் எடுத்தோம், ஒவ்வொரு மூச்சும் படத்தில் ஆடியது. அவனுக்கு டாம்ரான்தான் சரி. விலையையும் எடையையும் பார்த்து லென்ஸ் வாங்கிவிட்டு, ஆட்டத்தைச் சரிசெய்ய கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் கைப்பிடி) வாங்கினால் லாபம் எங்கே?

என் கையில் ஏ6700, அதனால் சிக்மா. கூடவே சோனி 11 மி.மீ. எஃப் 1.8, அது 181 கிராம். இரண்டும் சேர்ந்தே 471 கிராம், டாம்ரான் ஒன்றைவிடக் குறைவு. 115 அடி உயரத் தொட்டிப்பாலத்தைப் பறளியாற்றுப் பக்கம் கீழிருந்து அண்ணாந்து எடுக்க டாம்ரானின் 17 மி.மீ.கூடப் பத்தவே பத்தாது, 11 வேண்டும். ஸ்லோமோஷனுக்கும் இதே லென்ஸ்தான். ஏ6700இல் 4கே, வினாடிக்கு 120 ஃபிரேம் என்று வைத்தால் படம் 1.58 மடங்கு கிராப் ஆகும். 18 மி.மீ. அப்போது ஃபுல் ஃபிரேம் கணக்கில் சுமார் 43 மி.மீ. கோணத்துக்குச் சுருங்கிவிடும். முட்டத்தில் அலை பாறையில் அடித்து எழும்பும் காட்சியை அதில் அடக்க முடியாது. 11 போட்டால் 26 மி.மீ. கோணம் கிடைக்கும், அலையும் பாறையும் வானமும் உள்ளே வரும்.

இந்தக் கூட்டணிக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. லென்ஸ் மாற்ற வேண்டும். சொத்தவிளையில் ஒருநாள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டைக்குள் மறைத்து மாற்றினேன். அப்படியும் மறுநாள் வானத்தில் ஏழெட்டுப் புள்ளி. டாம்ரானுக்கு ஈரம் புகாத அடைப்புகள் பல இடங்களில் இருக்கின்றன, முன்கண்ணாடியில் நீரும் எண்ணெயும் ஒட்டாத பூச்சு உண்டு, லென்ஸைக் கழற்றவே தேவையில்லை. சிக்மாவில் பாடியோடு சேரும் மவுண்டில் மட்டும்தான் ரப்பர் அடைப்பு. வாரத்தில் நாலு நாள் கடற்கரையில்தான் வேலை என்றால், ஏ6700 வைத்திருந்தாலும் டாம்ரானை எடுங்கள் என்றே சொல்வேன். என் வேலை பாதி மலை, பாதி ஊர். கடலுக்குப் போகும் நாளில் எந்த லென்ஸ் என்று வீட்டிலேயே தீர்மானித்து மாட்டிக்கொண்டு போகிறேன்.

தண்ணீரோடே வாழ்கிறவர்களுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது: ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-5 கேமரா. பேட்டரியோடு 414 கிராம், தூசியும் நீர்ச்சாரலும் தாங்கும் ஐபி53 தரம், 12-45 எஃப் 4 புரோ லென்ஸ் 254 கிராம். திற்பரப்பு அருவிச் சாரலில் நண்பர் ஒருவர் இதைத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்துவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் சென்சார் சின்னது, லென்ஸும் எஃப் 4, பூச்சந்தையின் விடியற்கால வெளிச்சத்தில் திணறும். போதாக்குறைக்கு, என் வட்டாரத்தில் அந்த மவுண்ட் லென்ஸ் இரவல் கேட்க வேறு ஆளே இல்லை. சோனியென்றால் நாகர்கோவிலில் நாலு பேரிடம் கேட்கலாம்.

லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரில் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் டியூப் லைட்டும் மினுங்காது, அசைவும் இயல்பாக இருக்கும். சரி, அதே 1/50ஐ உச்சிவெயிலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 என்றால் 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். பின்னால் நிறம் திருத்துவதற்கான சோனியின் எஸ்-லாக்3 முறையில் ஐஎஸ்ஓ 800க்குக் கீழே போகாமல் எடுத்தால் 9 ஸ்டாப். கடையில் பரவலாகக் கிடைக்கும், திருகி 2 முதல் 5 ஸ்டாப் வரை மாற்றும் வேரியபிள் என்டி இதற்குப் போதாது, 6-9 கேட்டு வாங்குங்கள். சிக்மாவுக்கும் 11 மி.மீ.க்கும் ஒரே 55 மி.மீ. ஃபில்டர், டாம்ரானுக்கு 67. பின்னால் லென்ஸ் மாறக்கூடும் என்று தோன்றினால் 67இல் வாங்கி 55க்கு ஸ்டெப்-அப் ரிங் போடுவது புத்தி. 11 மி.மீ.யில் மட்டும் வேரியபிள் வேண்டாம், வானத்தில் குறுக்குக்கோடுபோல் கறுப்பு விழும், நிலையான என்டிதான் அதற்குச் சரி.

கிம்பல் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டிஜேஐ ஆர்எஸ் 3 மினி நல்ல பொருள், 2 கிலோ வரை தாங்கும், ஆனால் அதுவே 795 கிராம், என் கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைவிட அதிகம். நடந்துகொண்டே எடுக்கும் காட்சி நாளுக்கு ஐந்தாறுதான் என்றால் ஆஸ்மோ பாக்கெட் 3 போதும். 179 கிராம், ஒரு இன்ச் சென்சார், கிம்பல் அதிலேயே இருக்கிறது. தொட்டிப்பாலத்தின் ஒடுங்கிய நடைபாதையில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்கவும் அதுதான் வசதி. சாரலில் மட்டும் காட்டாதீர்கள்.

எந்த லென்ஸ் வாங்கினாலும் கடற்கரையிலிருந்து திரும்பியதும் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் புளோயரால் ஊதி, பாடியைப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி, பிறகு உலர்த்துங்கள். இரண்டு மழைக்காலமும் நனைக்கிற ஊர் இது, பைக்குள்ளேயே விட்டால் ஃபங்கஸ் பிடிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். என் சிக்மா இப்போதும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது, பக்கத்தில் 11.