இடி மின்னல் ஊரில் தரவுத்தளத்திற்கு ஏற்ற எஸ்எஸ்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சிறுதோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைக் குலைகளை எடைபோட்டு வாங்கும் நிலையம் ஒன்றின் கணக்குகளைப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் பராமரித்து வருகிறேன். நிறுவையில் ஏறும் ஒவ்வொரு லோரிக்கும் ஒரு பதிவு விழும். மாதக் கடைசியில் அந்தப் பதிவுதான் ஒரு குடும்பத்தின் வருமானம். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போவது இங்கே வழக்கம் என்பதால், எஸ்எஸ்டி எனும் சுழலும் தட்டில்லாத சேமிப்பகத்தின் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நான் பொருட்படுத்துவதில்லை; மின்சாரம் போனாலும் பதிவு தப்புமா என்றுதான் பார்க்கிறேன்.

தரவுத்தளம் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் முதலில் தன் பதிவேட்டில் எழுதி, அது நிலையாகச் சேர்ந்துவிட்டதா என்று எஃப்சிங்க் என்ற கட்டளை வழியாக உறுதிசெய்துகொள்கிறது. பெட்டியில் உள்ள எண்ணோ பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக எழுதும் வேகம். அதுவும் எஸ்எஸ்டிக்குள் வேகமாக எழுதக்கூடிய பகுதியான எஸ்எல்சி இடைச்சேமிப்பு நிறையும் வரைதான் நீடிக்கும். ஆகவே நொடிக்கு எத்தனை எஃப்சிங்க் முடிகிறது என்று அளக்க, போஸ்ட்கிரஸுடன் வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் கருவியை முதலில் ஓட்ட வேண்டும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் பழைய வன்தட்டு நொடிக்கு 120 முறைதான் சுழல்கிறது; ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய ஓர் எஃப்சிங்க்தான் முடியும். அது நொடிக்கு ஆயிரக்கணக்கான எஃப்சிங்குகளைக் காட்டினால், தரவு தட்டுக்குப் போகாமல், மின்சாரம் போனால் அழிந்துவிடும் இடைநினைவகத்திலேயே நிற்கிறது என்று பொருள். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லாததால் இப்படிக் கணக்குப் போட்டுப் பிடிக்க முடியாது.

அதற்குப் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய டிஸ்க்செக்கர் என்ற பெர்ல் நிரல் உதவுகிறது. சோதனைக் கணினி எழுதி முடித்ததாக அறிவிக்கும் ஒவ்வொன்றையும் வேறொரு கணினி குறித்துக்கொள்ளும். நடுவில் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, மீண்டும் இயக்கி இரண்டையும் ஒப்பிட வேண்டும். ரீசெட் பொத்தான் போதாது, ஏனெனில் அப்போது எஸ்எஸ்டிக்கு மின்சாரம் தொடர்ந்து கிடைக்கிறது. இச்சோதனையில், வீட்டுக் கணினிக்கென விற்கப்படும் ஒரு மலிவான எஸ்எஸ்டி, எழுதிவிட்டதாகச் சொன்ன பதிவுகளில் சிலவற்றைத் தொலைத்திருந்தது. சிறிதளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கிகள் கொண்ட, சர்வருக்கான எஸ்எஸ்டி ஒருமுறையும் தவறவில்லை. மின்சாரம் நின்றபின் இடைநினைவகத்தில் உள்ளதை எழுதி முடிக்கும் ஆற்றலை மின்தேக்கிகள் தருவதால், அது எஃப்சிங்குக்கு உடனே பதில் சொல்ல முடிகிறது. பாதுகாப்பும் வேகமும் ஒரே காரணத்தால் கிடைப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். மின்தடையின்போது பேட்டரியில் கணினியை இயக்கும் யுபிஎஸ் இருந்தாலும் இது வேண்டும்: கணினியின் பவர் சப்ளையே பழுதானால் யுபிஎஸ் என்ன செய்யும்?

எழுத எழுத எஸ்எஸ்டி தேயும் என்பதால், அந்தத் தேய்மானத்தை ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி மூலம் மாதந்தோறும் பார்க்கிறேன். எடைப் பதிவுகள் சிறியவை என்றாலும், நினைவகத்தில் உள்ள மாற்றங்களைத் தரவுத்தளம் தன் முதன்மைக் கோப்புகளில் எழுதிச் சேர்க்கும் ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் பிறகும், அக்கோப்புகளின் ஒரு பகுதியான பக்கம் முதன்முறை மாறும்போது 8 கிலோபைட் பக்கம் முழுவதும் பதிவேட்டில் எழுதப்படுவதால், எழுத்தின் அளவு பெருகுகிறது. செக்பாயிண்ட் இடைவெளி இயல்பாக 5 நிமிடம். அதைக் கூட்டியதும் எழுத்து தெளிவாகக் குறைந்தது. விபத்துக்குப் பின் மீட்பு சற்று நீளும், ஆனால் எங்கள் அளவுக்கு அது பொருட்டல்ல.